மூடும்போது மட்டும்

திறக்கும்போது ஒரு குறையும் இல்லை.
காலை ஆறே முக்காலுக்கு
எடைமேடைக் கொட்டகையில் விளக்கைப் போட்டு
மடிக்கணினியை விரித்தால்
எடைச்சீட்டு வரும், லாரிப் பதிவேடு வரும்,
பாட்டுக்கென்று ஒரு சன்னல்,
அதுவும் வரும்.

மூடத்தான் வராது.

மேல்மூலைப் பெருக்கல் குறியை அழுத்தினால்
திரை வெளுத்துப்போகும்.
சின்ன வட்டம் சுற்றும்.
அம்பு நட்ட இடத்தில் நிற்கும்.
வெளியே சுல்கிஃப்ளியின் லாரியில்
பதினோரு டன் செம்பனைக் குலை,
வெயிலில் பழம் உதிர்ந்துகொண்டு.
ஹாரனில் கையை வைத்து,
"செத்துப்போச்சா, காக்?" என்பார்.
பிறகு இறங்கி வந்து
என் பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி தே ஓ ஊற்றிக்கொள்வார்.

பீடோர் கடைத்தெருவில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி வெய் கியோங்
அதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான்.
ஊதினான்.
ஒரு பல்லிமுட்டை ஓடு விழுந்தது.
"எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தலாம், எண்பது வெள்ளி."
எனக்கு அது ஒரு நாள் சம்பளமும்
மறுநாள் சாப்பாடும்.
பல்லிமுட்டைக்குக் காசு வாங்கவில்லை.

ரேம் பத்தாது என்றாள் கோகிலவாணி.
வைரஸ் என்றான் அவள் தம்பி.
மேனேஜர் சொன்னார்: "மூடாதே, அப்படியே விடு."
விட்டேன், ஒரு வாரம்.
திறந்தது திறந்தபடி முப்பத்தேழு சன்னல்.
அடிவயிறு எண்ணெய் ஆலைபோல் இரைந்தது.
மேசை சுட்டது.

வெள்ளிக்கிழமை மழை.
எட்டாம் கட்டைப் பாலத்தில் தண்ணீர் ஏறி
லாரி ஒன்றும் வரவில்லை.
சும்மா இருந்த கையில் கைப்பேசி இருந்தது,
வினாடி எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.
இன்னொன்றை மூடினேன். நாற்பத்திரண்டு.
எழுத்தே இல்லாத வெற்றுக் குறிப்பேட்டை மூடினேன்,
அதற்கும் நாற்பத்திரண்டு.

கெட்டுப்போன ஒன்றுக்கு
இவ்வளவு ஒழுங்கு கிடையாது.
இது எதற்கோ காத்திருக்கிறது.

உள்ளே போனேன், கோப்புறை கோப்புறையாய்.
யாரோ பெயரிட்ட "புதிய கோப்புறை ஐந்து" வரை.
கடைசியில், சேமிக்கும் இடங்களின் வரிசையில்,
சிவப்புப் பெருக்கல் விழுந்த ஒன்று:
இரண்டாம் டிவிஷன் ஆபீஸ்.

அப்படி ஓர் ஆபீஸ் இப்போது இல்லை.
தோட்டம் கைமாறிய வருஷம்
மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஏலம் போயின;
நூற்றைம்பது வெள்ளிக்கு இது என்னிடம் வந்தது.
கட்டடத்தை இடித்த இடத்தில்
கறுப்புப் பைகளில் செம்பனை நாற்று நிற்கிறது.
எல்லாருக்கும் கடிதம் போட்டார்கள்.
இதற்குப் போடவில்லை.

ஆக, நான் எதை மூடினாலும்
கணக்கை ஒப்படைக்க
இது அங்கே ஆள் அனுப்பியிருக்கிறது.
அந்த ஆள் நாற்றுப் பைகளுக்கு நடுவே
இல்லாத கதவைத் தட்டி
நாற்பத்திரண்டு வினாடி நின்று
திரும்பி வந்து, இல்லை என்று சொன்ன பிறகுதான்
எனக்கு வழி விட்டிருக்கிறது.
நாளைக்கு அறுபது லாரி. மூன்று வருஷம்.
நான் திட்டியதெல்லாம்
எழுதினால் இந்தத் திரை கொள்ளாது.

வலது பொத்தான்.
துண்டிக்கவா என்றது.
துண்டி.

பட்டென்று மூடியது.
நம்பாமல் திறந்து மறுபடி மூடினேன்.
பட்.
முப்பத்தேழு சன்னலும் மூடி முடிக்க
மழைக்கு இடையில் ஒரு தும்மல் நேரம்.

சனிக்கிழமை
ஹாரனுக்குக் கை போகும் முன்பே
சீட்டை நீட்டினேன்.
சுல்கிஃப்ளி அதைத் திருப்பிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கொட்டகைக்குள் எட்டி அதையும் பார்த்தார்.
"புதுசா, காக்?"
"பழசுதான்."
பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
அவர் கியரைப் போட்டுப் போய்விட்டார்.

மத்தியானம்
பிளாஸ்கைத் தூக்கினேன்.
காலையில் கொண்டுவந்த கனம்
அப்படியே இருந்தது.